எண்ணெய்த் தழும்பு

அம்மாவைக் கட்டிலிலிருந்து ஒற்றை ஆளாகத் தூக்க இலக்கியாவுக்குத் தெம்பு போதவில்லை. அதற்காகத்தான் ஜிம்மில் சேர்ந்தாள். பயிற்சி முடிந்ததும், தோலைப் புதுப்பிக்கும் என்று அங்கே தரும் கொலாஜன் பானத்தை ஒரு நாள்கூட விடாமல் குடித்தாள். மூன்றே மாதத்தில் தோள்கள் உரமேறின. நாற்பத்தெட்டு வயதுத் தோல் பச்சைக் குழந்தையின் தோலாகிவிட்டது. சின்ன வயதில் அம்மா முறுக்குச் சுட்டபோது எண்ணெய் தெறித்துக் கையில் விழுந்த தழும்பும் அதோடு போய்விட்டது.

எல்லாம் மறந்துபோன அம்மா, மகளைக் கண்டுகொண்டது அந்தத் தழும்பை வைத்துத்தான். தினமும் காலையில் அதைத் தடவி, "இன்னும் எரியுதாடி?" என்று கேட்ட பிறகுதான் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அது போனதிலிருந்து இவளை யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று இலக்கியா அதே இடத்தில் கண்மையால் தழும்பை வரைந்துகொண்டு, கையை நீட்டினாள்.

"அழுக்கு ஒட்டியிருக்கு பாரும்மா" என்று அம்மா எச்சில் தொட்டு அக்கறையாகத் துடைத்துவிட்டாள்.

இலக்கியா அவளை இரு கைகளாலும் தூக்கினாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? இறக்கி விடு. என் பொண்ணு வந்து தூக்குவா."