தேரியில் துளிர்த்தது

தேரிக்காட்டின் செம்மணலில் செல்வக்கனி மூன்று ஆண்டுகள் குடம்குடமாகத் தண்ணீர் சுமந்து நாற்பது கொல்லாமுந்திரிக் கன்றுகளை வளர்த்திருந்தாள். அவற்றை நெருக்கிய சீமைக்கருவேலை ஒழிக்க அவளே வைத்த தீ, மேல்காற்றில் திரும்பிக் கன்றுகளையும் எரித்துவிட்டது. முதல் மழை பெய்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். கருகிய கன்றுகள் தொட்டதும் ஒடிந்தன. கருவேல் மட்டும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்திருந்தது. ஆத்திரத்தில் மண்வெட்டியை ஓங்கினாள்.

"வெட்டாத, நில்லு," என்றான் பின்னால் வந்த கணவன் சேர்மராசு. "சுத்திப் பாரு. காத்து அம்புட்டு மண்ணையும் அள்ளிட்டுப் போயிட்டு. இது நிக்குத எடத்துல மட்டுந்தான் மண்ணு கெடக்கு."

"அப்பம் இந்தச் சனியனுக்கா நான் தண்ணி சொமக்கணும்?"

அவள் கருவேலை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே, அதன் மறைவில் புதுக்கன்றுக்குக் குழி தோண்டத் தொடங்கினாள்.