தூசி ஆகாது

“துவாயை வெளியிலை உதறிப்போட்டு வாங்கோ, பரமலிங்கண்ணை. லேசருக்குத் தூசி ஆகாது.”

நீர்வேலிச் செம்மண் ஒழுங்கைகளால் தோளில் துவாயோடு சைக்கிளில் வரும் ஆய்வுகூட உதவியாளரிடம் விரிவுரையாளர் எட்வேர்ட் தினமும் இதைத்தான் சொல்வார். போரும் பொருள்தடையும் வந்து, மின்சாரம் நின்று மூன்று வருடமாகியும் சொன்னார்.

நேற்று ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தது. இன்று ஜெனரேற்றர் உறுமியது. சுவரில் லேசரின் சிவப்புப் பொட்டு விழுந்தது.

“கதிர் எங்கை, சேர்?” என்றனர் மாணவர்கள்.

“துப்புரவான காற்றிலை தெரியாது. தூசியிலை பட்டுச் சிதறினால்தான் கோடாய்த் தெரியும்.”

சோக்குத் தூளுக்கும் வழியில்லை. ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது.

“அண்ணை, உங்கடை துவாயை இஞ்சை ஒருக்கா உதறுங்கோ.”

பரமலிங்கம் உதறினார். ஒன்றும் தெரியவில்லை.

“இண்டைக்கு லேசர் போடுறதெண்டு, வீட்டிலை இருந்த கடைசிச் சவுக்காரத்தைப் போட்டுத் தோய்ச்சுக்கொண்டு வந்தனான், சேர்.”