ஆறாத குழாய்

அந்தப் பழைய இரண்டு இருக்கை விமானத்தின் கூரைச் சட்டத்தில் வெல்டர் வெள்ளிக்கிழமை மதியம் புதிய குறுக்குக் குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். முந்தையது போன வருட விபத்தில் வளைந்துபோயிருந்தது. அன்று விமானத்தை ஓட்டிய பெண் பிழைத்துக்கொண்டார். அவர் தலைமேல் சரிந்த சட்டத்தை, ஆட்கள் வரும்வரை கையால் தாங்கிப் பிடித்திருந்த கணவர் பிழைக்கவில்லை. பலப்படுத்தி விற்றுவிடலாம் என்றுதான் அந்தப் பெண் விமானத்தை வேலைக்கு விட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் குழாய் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டகைக்குள் வெயில் விழவில்லை, பக்கத்தில் மின்கம்பியும் ஓடவில்லை. வெல்டர் மனசு கேட்காமல் அதை அறுத்தெடுத்துவிட்டு வேறு குழாய் வைத்தார். புதன்கிழமை வரை அதுவும் அதே இடத்தில் ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

அவர் வந்து இருக்கையில் உட்கார்ந்தார். கையை உயர்த்தி, நேராக அந்த இடத்தையே பிடித்தார்.

"எந்த இடம்னு நான் சொல்லவே இல்லையே, மேடம்."

"தெரியும், தம்பி."

"வாங்க வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"யாரும் வர மாட்டாங்க. நான் விக்கலை."

வெல்டர் வெளியே போய் நின்றுகொண்டார். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் இறங்கிப் போனார். வெல்டர் உள்ளே வந்து தொட்டுப் பார்த்தால், குழாய் ஜில்லென்று இருந்தது.

வாசலில் அந்தப் பெண் வலது கையை மூடியபடியே வைத்துக்கொண்டு, இடது கையால் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.