முதல் வாய்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சிட்டிகை ரொட்டித்தூளை எண்ணெயில் போட்டுவிட்டு, காதை அடுப்புப் பக்கம் சாய்த்தான். மோட்டார் அறையில் நிற்கும்போதும் இப்படித்தான் சாய்ப்பான்.

சத்தம் சரியாக இருந்தது. முதல் கட்லெட்டை இறக்கினான்.

ஜப்பான்காரர்கள் செய்கிற கோழிக் கட்லெட். நெஞ்சுக்கறியைப் பிளந்து, உருட்டுக்கட்டையால் தட்டி ஒரே கனத்துக்குக் கொண்டுவந்து, மைதாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் அமுக்கி எடுப்பதற்குள் அவன் விரல்களும் பாதி கட்லெட் ஆகியிருந்தன.

மனைவி சமையலறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதுதான் அவளுடைய இடம்.

பொரிந்ததை வடியவிட்டுப் பட்டை பட்டையாக நறுக்கினான். கத்தி இறங்கும்போதெல்லாம் மொறுக் மொறுக்கென்றது. சின்ன வாணலியில் வெங்காயம், தண்ணீர், சோயா சாஸ். டப்பாவைத் திறந்து தாராளமாகச் சர்க்கரை. வெங்காயம் துவண்டதும் கட்லெட்டை அதன்மேல் பரப்பி, அடித்த முட்டையைச் சுற்றிலும் ஊற்றி மூடினான். கிண்ணங்களில் சோறு ஆவி பறக்கக் காத்திருந்தது.

ருசி பார்க்கவில்லை. இந்த வீட்டில் முதல் வாய் எப்போதும் அவளுக்குத்தான்.

போன வருடம் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய வாசனையையும் ருசியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அவள் அழவில்லை, தட்டைத் தள்ளவுமில்லை. மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கிவிட்டு எழுந்துபோனாள்.

சாப்பாட்டை விட்டவன் அவன்தான். அவளுக்கு மண்ணாக இருப்பது தனக்கு மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கும் என்று, கஞ்சியும் காய்ந்த ரொட்டியுமாக ஓட்டினான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டான். காய்ச்சல் வந்தது உனக்கா உன் சம்சாரத்துக்கா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவன்.

பிறகு ஒரு நாள் காலை, அவன் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தவள், கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"ஏங்க, காபி கசக்குது."

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுக் கறிக்கடைக்கு ஓடியவன்தான். அன்றிலிருந்து விடாமல் சமைக்கிறான். இஞ்சி தூக்கல் என்பாள், மிளகு பத்தவில்லை என்பாள். அவள் குறை சொல்லச் சொல்ல அவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். பெல்ட்டும் பழைய ஓட்டைக்கே திரும்பிவிட்டது.

முட்டை பாதி உறைந்ததும் வாணலியைச் சாய்த்து, கட்லெட்டும் வெங்காயமும் சாறுமாகச் சோற்றின் மேல் சரியவிட்டான். இரண்டு கிண்ணங்களையும் மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

அவள் ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றாள்.

"இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க. ஆனா நல்லா இருக்கு."

சிரித்துக்கொண்டே அவனும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

இனிப்பே இல்லை. உப்பு. நாக்கைச் சுருட்டி இழுக்கிற உப்பு. கடல்தண்ணீரைக் காய்ச்சிச் சுண்டவைத்ததுபோல் இருந்தது.

அவள் அடுத்த வாயை எடுத்தாள். முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை.

அவன் எப்படியோ விழுங்கினான். அவள் கை மறுபடி கிண்ணத்துக்குப் போவதற்குள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"முட்டை உள்ள வேகவே இல்லம்மா. இரு, வேற பண்ணித் தர்றேன்."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

சமையலறைக்குப் போய் இரண்டு கிண்ணங்களையும் குப்பையில் கவிழ்த்தான். மேடைமேல் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே உயரத்தில், ஒரே மூடியோடு நின்றன. இரண்டையும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையை எடுத்து வைத்துக்கொண்டான். பொரிக்காத கட்லெட் இன்னும் மிச்சம் இருந்தது.

எண்ணெய் காயும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றான். இஞ்சி தூக்கல், மிளகு பத்தவில்லை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்துபோயின. எல்லாமே அந்த வாசலில் நின்று, கண்ணால் பார்த்துச் சொன்னது.

கேட்டேவிடலாம் என்று திரும்பினான்.

அவள் மேஜையில் அவனுக்குத் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு மெதுவா வரட்டும். முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றாள், நிமிராமல்.

காபி கசந்ததற்கு முந்தின நாள் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டி, அவன் மடிந்து விழுந்த நாள் அது. நெற்றியில் தையலோடு இருந்தவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். ராத்திரி முழுக்க அவள் விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் அவளுக்குக் காபி கசந்தது.

மெக்கானிக் எதையும் கேட்கவில்லை. கட்லெட்டைப் பொரித்தான், நறுக்கினான், முட்டையை ஊற்றினான். புதுக் கிண்ணங்களோடு போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

அவள் ஒரு வாய் எடுத்துவிட்டு, இப்போது இனிப்பு அளவாக இருக்கிறது என்றாள்.

அவன் தலையாட்டினான். கிண்ணத்தைக் கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.