மொய் விருந்து ஆடு

தோசைக்கல் அந்த ஆட்டைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மொய் விருந்தன்று காலையில்தான். ஓட்டலின் பின்பக்கத் தூணில் அதைக் கட்டியிருந்தார்கள்.

“எதுக்குப்பா விருந்து?” என்றது ஆடு.

“வியாபாரம் படுத்துடுச்சு,” என்றது தோசைக்கல். “பேங்க்ல கைவிரிச்சுட்டாங்க. மொய்ப் பணத்துல நம்ம முதலாளி அடைக்கலம் மாடியில ஏசி ஹால் கட்டப்போறாரு. இல்லேன்னா ஓட்டலை மூடிருவாரு, நான் காயலான் கடைக்குத்தான்.”

“காசு குடுத்துச் சாப்பிட வராதவன் மொய் வைக்க வருவானா?”

“வருவான். அவன் விருந்து வைக்கிறப்ப முதலாளி போய்க் கூடுதலாத் திருப்பிப் போடணுமே!”

ஆடு தாடியை ஆட்டிச் சிரித்தது. “அப்ப எனக்கு ஒரே வெட்டு. அவருக்குத்தான் வருஷா வருஷம்.”

மதியம் குழம்பு பிரமாதம் என்றார்கள்.

மாடியில் ஹால் எழும்பியது. தோசைக்கல் காயலான் கடைக்குப் போகவில்லை. முதலாளிதான் மொய் திருப்ப ஊர் ஊராகப் போகிறார். ஆட்டைக் கட்டியிருந்த கயிற்றில், வாசலில், “இன்று கடை விடுமுறை” பலகை தொங்குகிறது.