லிமா வக்கீலுக்கு விழுந்த சீட்டு

“லாசரோ பேரைச் சொன்னது தப்புன்னு கர்னல்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

தேர்தல் விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது என்று காசிமிராவுக்குக் கல்யாணமான புதிதிலேயே உத்தரவு. இன்று திறந்துவிட்டாள்.

ஊர் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் கனவான்கள் காலையில் தேவாலயத்தில் கூடினார்கள். அவள் கணவர் தொரீபியோவும் அதில் ஒருவர். வீட்டிலேயே பெயரெழுதி மடித்துக் கொண்டுபோன சீட்டுகளைப் பிரித்தால், எல்லாம் ஜெனரலுக்கு. ஒன்று மட்டும் அவரை எதிர்த்து நின்ற, தலைநகர் லிமாவின் வக்கீலுக்கு.

மாலை மணி அடிப்பதற்குள் துரோகி யாரென்று தெரியவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரையும் சுவரோரம் நிறுத்திச் சுடுவேன் என்றார் ஜெனரலின் படையோடு வந்திருந்த கர்னல். தொரீபியோ மருந்துக்கடை லாசரோவைக் காட்டிக்கொடுத்துவிட்டு வீடு வந்துவிட்டார்.

“அவர்தான்னு எப்படித் தெரியும்?”

“குண்டு குண்டா அழகான எழுத்தாம். பாதிரியார் சொன்னார். பாட்டில்ல மருந்து பேரு எழுதுற கைக்குத்தான் அது வரும்.”

சாக்லேட் பானக் கோப்பைக்காக மேஜையைத் தடவினார். அவள் அதை அவர் கையருகே நகர்த்தினாள்.

தெருவில் குதிரைகள் ஓடின. லாசரோவின் மனைவி அலறுவது கேட்டது. தொரீபியோ ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

“சுட்டுடுவாங்க” என்றாள். “ஜெனரல் ஆளுங்க என் தம்பியைச் சுட்டாங்களே, அப்படி.”

“யாரையாவது சுட்டுத்தான் ஆகணும். நானா இருந்தா உனக்குப் பரவாயில்லையா?” அவர் குரல் மாறியது. “ஏன்டி, அவன்மேல என்ன அவ்வளவு கரிசனம்? தலைவலி தலைவலின்னு அந்தக் கடைக்கு ஓடினது இதுக்குத்தானா?”

அவள் கறுப்புச் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டு அவர் எழுந்தார். நாற்காலி சாய்ந்தது.

“எங்கடி போற? நான் ஜெனரலுக்குத்தான் போட்டேன், மாதா மேல சத்தியமா. நம்ம வீட்டுக்கு ஒண்ணும் வராது.”

“கர்னல்கிட்ட போறேன்.”

“போய்?”

அவர் முகம் அவள் இருந்த பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம் இருந்தது. அவள் படியிறங்கிக்கொண்டே சொன்னாள்:

“காலையில உங்க சீட்டுல நீங்க சொன்ன பேரை நான் எழுதல.”