ஆறு கோடுகள்

"முதல் காளான் நல்லா வந்துச்சுன்னா, வேலைய வுட்டுட்டு வந்துர்றேன் ஜெசி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்டின் தோஹாவுக்குப் போயிருந்தான். அவன் வைக்கோலும் காளான் விதையும் அடைத்துக் கட்டிய நான்கு பைகள் சாந்தோம் வீட்டின் பின்குளியலறையில் தொங்கின. அவன் மனைவி ஜெசிகா தினமும் இருவேளை தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு முறையும் கதவில் ஒட்டிய தாளில் நீல மார்க்கரால் ஒரு கோடு போடுவாள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆதம்பாக்கம் ஓடியவள், மூன்று நாள் கழித்துத்தான் வீட்டைத் திறந்தாள். சாவி அவளிடம் மட்டுமே இருந்தது. மொட்டெல்லாம் கருகியிருக்கும் என்று அழுகை முட்ட உள்ளே போனாள். பைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. காளான்கள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. தாளில் புதிதாக ஆறு கோடுகள் இருந்தன. இடக்கைக்காரன் ஆஸ்டின் போடுவதுபோல் எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

வீடியோவில் அவனை அழைத்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்படி கீது? காளான சாவடிச்சிட்டியா?" என்று சிரித்தான்.

"நான் அம்மா வீட்ல இருந்தப்போ, இங்க யாரையாவது வரச் சொன்னியா?"

"சாவிதான் உன்கிட்ட கீதே. அத வுடு, இதப் பாரு. மூணு நாளா கழுவுறேன், போவவே மாட்டேங்குது."

இடது கையை விரித்துக் காட்டினான். விரல்களில் நீல மை இருந்தது. நகக்கண்ணில் ஈரமான வைக்கோல் துரும்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.